இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

மிளகாய்க் கன்றின் குருத்து சுருளத் தொடங்கினால் சண்டிலிப்பாயில் ஆலோசனைக்குப் பஞ்சம் இராது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் அக்கா சாம்பல் தூவச் சொல்வார். அடுத்த வளவு ஐயா புளித்த மோரைத் தெளிக்கச் சொல்வார். சந்தியில் பசளைக் கடை வைத்திருப்பவர் ஒரு சிறு போத்தலை எடுத்து நீட்டுவார். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்புவார். "அண்ணை, மிளகாய் எல்லாம் சுருண்டுபோச்சு, என்ன மருந்தடிக்கலாம்?" என்ற கேள்விக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு பதில் கிடைத்துவிடும். அந்த நாலு பேரில் ஒருவராவது சுருண்ட இலையைத் திருப்பிப் பார்த்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.

ஏனென்றால் சுருளல் எல்லாம் ஒரே நோயல்ல. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்தால் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடி முழுவதும் குட்டையாகிப் போனால் வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்த்த வைரசு. சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல, சிலந்திக்கு உறவு. பூச்சிக்கென்று விற்கும் பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யா. அதைத் தின்று வாழும் நல்ல உயிர்களைக் கொன்று சிற்றுண்ணியைப் பெருகவும் விட்டுவிடும். வைரசுக்கோ எந்தப் போத்தலிலும் மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதும், மற்றச் செடிகளில் வெள்ளை ஈ அண்டாமல் பார்ப்பதுமே வழி. ஒரே கேள்விக்கு மூன்று விடை இருக்கும்போது, கேட்ட மாத்திரத்தில் சொல்லப்படும் பதில் எவ்வளவு அன்போடு வந்தாலும் குருட்டுப் பதில்தான்.

இப்படிச் சொல்வதால் வேலியோரப் பேச்சுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. யாழ்ப்பாணத்து வீட்டுத் தோட்டங்கள் வளர்ந்ததே அந்தப் பேச்சால்தான். பயித்தை விதையும் முருங்கைத் தடியும் வேலிப் பொட்டு வழியாகக் கைமாறியபோது, எந்த மாதம் நட வேண்டும், எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்ற அறிவும் கூடவே மாறியது. அதில் ஒரு பெரிய வசதி இருந்தது: சொல்பவரும் கேட்பவரும் ஒரே மண்ணில் நின்றார்கள், ஒரே நிலத்தடி நீரைக் குடித்தார்கள். இன்று ஆலோசனை எங்கெங்கிருந்தோ வருகிறது. வந்த இடத்தின் மண் எது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

முட்டைக்கோதை எடுத்துக்கொள்வோம். அதை இடித்துத் தக்காளிக்குப் போட்டால் கல்சியம் கிடைக்கும், காயின் அடி கறுத்து அழுகுவது நிற்கும் என்ற ஆலோசனை உலகம் சுற்றி வருகிறது. நுவரெலியாவிலோ கேரளத்திலோ, மழையில் சத்துக் கழுவப்பட்டுப் புளித்துக் கிடக்கும் மண்ணுக்கு அதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரை நாலு நாள் காய்ச்சினால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதே கல்சியம்தான். மூன்று நாள் தண்ணீர் விடாமல் காயவிட்டு நாலாம் நாள் வெள்ளமாக இறைப்பதால்தான் பெரும்பாலும் இங்கே தக்காளி அடியழுகுகிறது. மண்ணில் இருக்கும் கல்சியத்தைக் காய்வரை கொண்டுபோய்ச் சேர்க்கச் சீரான ஈரம் வேண்டும். கோது இடிக்கும் நேரத்தில் செடியின் அடிக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்பிவிட்டால் பலன் உண்டு.

சாம்பலுக்கும் இதே கதி. ஏற்கனவே காரத்தன்மை கூடிய மண்ணில் அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போடுவது காரத்தை இன்னும் ஏற்றும். பாட்டி போட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் ஒரு சிரட்டை சாம்பல் போட்ட இடத்தில் இரண்டு கடகம் குழையும் மாட்டெருவும் தாட்டிருந்தார். அந்தப் பாதியை விட்டுவிட்டுச் சாம்பலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

தேசிமரம் மஞ்சளாவதைப் பற்றிய ஆலோசனைதான் இவற்றுள் மிகவும் கவலை தருவது. "இலை மஞ்சளா? யூரியா போடு" என்பது இப்போது பழமொழி அளவுக்கு வந்துவிட்டது. நைதரசன் குறைந்த செடியில் முதலில் மஞ்சளாவது கீழே உள்ள முதிர்ந்த இலை, அதுவும் முழு இலையும். குருத்திலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறைபாடு. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. அந்த மரத்துக்கு எத்தனை கிலோ யூரியா போட்டாலும் பச்சை திரும்பாது. மக்கிய எருவும் குழையும் வேரடியில் சேர வேண்டும், தேவையானால் இரும்புச் சத்தை இலையில் தெளிக்க வேண்டும். பச்சை திரும்பவில்லை என்று அடுத்த கிழமையும் ஒரு சிரங்கை யூரியா போடுகிறார்கள். மரம் எடுக்காத அந்த யூரியா எங்கே போகிறது?

கிணற்றுக்குத்தான் போகிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சண்டிலிப்பாய்ப் பக்கமாகப் போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேர்ந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. குடிக்க, குளிக்க, இறைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மேலே கொட்டியது கீழே இறங்கத் தடையே இல்லாத சல்லடை இந்த நிலம். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிவருவதை 1980களிலேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். செறிவாகப் பயிர் செய்யும் இடங்களில் போடப்படும் பசளையும், நெருக்கமான குடியிருப்புகளின் மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் பச்சைக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

நிலத்தடி நீர் வேலியைப் பார்த்து நிற்காது என்பதற்குச் சுன்னாகமே சாட்சி. மின்நிலையப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் பரவியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மக்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. அது பெரிய நிறுவனம், பெரிய குற்றம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிரங்கை யூரியா அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் நாலு பரப்பு வளவில் கத்தரிப் பாத்திக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையே சில அடிகள்தான். அந்த வளவைப்போல் ஆயிரக்கணக்கான வளவுகள் ஒரே நீரின் மேல் இருக்கின்றன. எனவே தோட்ட ஆலோசனை சொல்லும் எவரும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "செடியில் என்ன கண்டனீங்கள்?" என்பது. இரண்டாவது, "கிணறு எவ்வளவு தூரம்?" என்பது. இந்த இரண்டையும் கேட்காமல் சொல்லப்படும் எதையும் செய்யாமல் இருப்பதே நல்லது.

இது இப்போது சொல்லப்படவேண்டியதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலில் நிறுத்தப்பட்டது, நவம்பரில் தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. மண்வெட்டி பிடித்தறியாத எத்தனையோ கைகள் அந்த ஆண்டில் பாத்தி கட்டப் பழகின. அது நல்ல காரியம். அந்தப் பழக்கம் பல வீடுகளில் இன்றும் நிற்கிறது. ஆனால் நிலத்தைக் கொத்தச் சொன்ன அரசு, கொத்தியவருக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஆள் வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் கைத்தொலைபேசியும் போத்தலும் நிரப்புகின்றன.

பாகற்பந்தலில் நடப்பது இதற்கு நல்ல உதாரணம். பிஞ்சு வளைந்து, மஞ்சளாகி, உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ என்பது எல்லோருக்கும் தெரியும். பொறி கட்டினால் நிற்கும் என்று கேள்விப்பட்டு, மாமரத்துக்கு வாங்கிய மெதைல் யூஜினோல் பொறியையே பாகற்பந்தலிலும் கட்டுகிறார்கள். அது மாம்பழ ஈயின் ஆண்களை இழுக்கும். பாகலையும் புடோலையும் பீர்க்கையும் கெடுப்பது வேறு இனம். அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். பொறி நிறைய ஈ செத்துக் கிடக்கும், பாகற்காயில் புழுவும் இருக்கும். பொறியே தேவையில்லாத வழியும் உண்டு. பூ வாடிப் பிஞ்சு விரலளவு வருமுன்னரே கடதாசிப் பையைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும், புழு விழுந்த காயைப் பந்தலுக்கு அடியில் விடாமல் பொறுக்கி அழிக்க வேண்டும். விழுந்த காயிலிருந்து மண்ணுக்குள் போகும் புழுதான் அடுத்த தலைமுறை ஈ.

மருந்தடிக்காமல் பொறுத்திருந்ததால் வந்த வெற்றி ஒன்றும் இந்த நாட்டுக்கு உண்டு. மெக்சிக்கோப் பகுதியைச் சேர்ந்த பப்பாசி மாவுப்பூச்சி 2008இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை என்று வெள்ளையாக மூடிக்கொண்டு போன அதற்கு எந்த மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை. உடம்பின் மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. 2009இல் அதன் இயற்கை எதிரிகளான நுண்ணிய குளவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டார்கள். ஒரு மில்லிமீற்றர்கூட நீளமில்லாத அந்தக் குளவிகள் மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டே அதை அடக்கின. அதே 2008இல் கோயம்புத்தூரிலும் இந்தப் பூச்சி தலைகாட்டியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளை வரவழைத்துத் தமிழ்நாட்டிலும் அதே வெற்றியைக் கண்டார்கள். இன்று பப்பாசியில் நாலு வெள்ளைத் திட்டைக் கண்டதும் கடும் மருந்தை அடிப்பவர், ஊருக்கு வேலை செய்யும் அந்தக் குளவியையும் சேர்த்தே கொல்கிறார். தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவி, மோசமான இலையை வெட்டி எரித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பதே மேல்.

மாரியில் வரும் ஆபிரிக்க நத்தையோடு இந்தப் பொறுமை செல்லாது. ஒரு தடவையில் 200 முட்டை வரை இடும் அது ஓரிரவில் நாற்றுமேடையை வெறுமையாக்கிவிடும். இங்கிலாந்தின் றோயல் தோட்டக்கலைச் சங்கம் நத்தைகளை இனிப் பீடை என்று சொல்வதில்லை என 2022இல் அறிவித்தது. அந்த நாட்டு நத்தைகளுக்கு அது பொருந்தும். இங்கே கண்ட நத்தையைப் பொறுக்கி அழித்தே ஆக வேண்டும். எப்படி அழிப்பது என்பதில்தான் கவனம். பாத்தியில் வைத்தே உப்புத் தூவச் சொல்வார்கள். உவர் ஏறும் பயத்தோடு வாழும் குடாநாட்டில் மண்ணுக்கு உப்பைத் தூவுவது மிகத் தவறான ஆலோசனை. பொழுதுபட்டபின் பப்பாசி இலையை விரித்து வைத்தால் நத்தைகள் அங்கே கூடும். கையுறையோடு பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புத் தண்ணீரில் போட்டு, ஆழப் புதைத்துவிட வேண்டும். மூளையைத் தாக்கும் புழுவைச் சுமக்கக்கூடிய உயிர் அது. வெறுங்கையால் தொடக்கூடாது, பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

பழைய அறிவில் மீட்டெடுக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பூவரசங்குழையையும் வேப்பங்குழையையும் வெட்டித் தாட்டதும், பனையோலையை மண்ணுக்குள் புதைத்ததும் ஈரத்தைப் பிடித்து வைத்தன, சுண்ணாம்பு மண்ணில் பூட்டுண்ட சத்தைக் கரைத்துக் கொடுத்தன. வேலிகள் மதிலானபோது அந்தக் குழையும் போய்விட்டது. மதில் கட்டியவர்கள் அதன் உட்பக்கமாக நாலு பூவரசங் கதியாலாவது நடலாம். வளவுக்கு வளவு நிற்கும் வேம்பு கொட்டும் விதையைக் கூட்டி எரிப்பதை நிறுத்தலாம். உலர்த்திய பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் சாறுறிஞ்சும் பல பூச்சிகளுக்கு அது போதும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் காலையில் அடிப்பது வீண்.

செய்யக்கூடிய ஏற்பாடு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஊருக்கு ஊர் சனசமூக நிலையங்கள் உண்டு, அவற்றில் பல பின்னேரத்தில் பத்திரிகை வாசிப்போடு ஓய்ந்துவிடுகின்றன. மாதத்தில் ஒரு பின்னேரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்கலாம். வருத்தம் பிடித்த இலையைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு வருவது அங்கே விதியாக இருக்கட்டும். கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரை அழைக்கலாம். அவர் வர முடியாத மாதத்தில் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எல்லோருமாக இருந்து ஒரு அழைப்பு எடுக்கலாம். அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் பக்கத்தில் இருந்து தங்கள் மண்ணில் கண்டதைச் சொல்லட்டும். போத்தலில் பெயரில்லாத மருந்தை வாங்குவதில்லை, சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதை ஏற்பதில்லை என்று ஊராகச் சேர்ந்து முடிவெடுத்தால் கடைகளும் மாறும்.

சண்டிலிப்பாயில் இருக்கும் பிரதேச செயலகம் ஒன்றைச் செய்து தரவேண்டும். ஊருக்குச் சில கிணறுகளைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்றைச் சோதிப்பித்து, முடிவைச் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் அதற்கான ஆய்வு வசதி இருக்கிறது. புரட்டாதியில் நாற்றுமேடை போடும் வேலை தொடங்கிவிடும். முதற் சோதனையின் முடிவு அதற்கு முன் பலகையில் இருந்தால், அந்தப் போகத்தில் எவ்வளவு பசளை வாங்குவது என்பதை அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.