ஒரு சதுர அடியின் விலை

சொத்து வரி என்றால் திண்டுக்கல்லில் எல்லோரும் திட்டுவது விகிதத்தைத்தான். 2008-இல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பிறகு, 2018-இல் ஏற்றிய வரியை அரசே 2019-இல் நிறுத்திவைத்தது. மத்திய நிதிக்குழு மானியத்துக்கு வரி உயர்வு நிபந்தனையான பின், 2022 ஏப்ரலில் ஏற்றம் வந்தது. 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100.

விகிதம் அரசின் முடிவு; மனுப் போட்டு அதை அசைக்க முடியாது. அசைக்கக்கூடியது அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிவந்த 1200 சதுர அடி வீட்டுக்கு வரி 1,200 ஆனது. அதே 800 கட்டிய பக்கத்து வீடு பதிவேட்டில் 1201 என்று இருந்தால் 1,400. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே மொத்த வரியும் அடுத்த படிக்குத் தாவுகிறது. ஒரே ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 400 ரூபாய்! திண்டுக்கல்லில் எந்தத் தெருவிலும் அந்த வாடகை கிடைக்காது.

அந்த அடியை அளந்தது யார், எப்போது? பில் கலெக்டர் டேப் பிடித்தபோது போர்டிகோவைச் சேர்த்தாரா, மொட்டைமாடித் தகரக் கொட்டகையைச் சேர்த்தாரா? வீட்டுக்காரர் அறைகளின் உள்ளளவைச் சொல்வார். பதிவேட்டில் சுவரின் கனமும் சேர்ந்திருக்கும். தெரு எந்த மண்டலம், சதுர அடிக்கு என்ன மதிப்பு, கட்டடத்தின் வயதுக்கு எவ்வளவு கழிவு என்பதெல்லாம் சேர்ந்துதான் வரிக்கு அடிப்படையான ஆண்டு மதிப்பு. கையில் கிடைக்கும் ரசீதிலோ கடைசித் தொகை மட்டும்.

பயன்பாட்டிலும் இதே சிக்கல். முன்னறையில் பூட்டுக்கு அரம் போடுகிறவரின் 500 சதுர அடி வீடு குடியிருப்பா, தொழிற்கூடமா? குடியிருப்பு என்றால் 25 சதவீத ஏற்றம், தொழில் என்றால் 75, வணிகம் என்றால் 100. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இந்தக் கேள்விக்கான பதிலை ஓர் ஊழியரின் பார்வைக்கு விட்டிருக்கிறோம்.

ஆட்சேபணையை முதலில் ஆணையரிடம் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு. ஆனால் கணக்கே தெரியாதவர் எதை ஆட்சேபிப்பார்? "வரி அதிகம், குறைத்துத் தரவும்" என்று எழுதுவார். அது கெஞ்சல், மனு அல்ல.

மனுவே இல்லாமல் குறைப்பது எப்படி என்பதை 2025-இல் பக்கத்து மதுரையில் பார்த்தோம். அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு பல கட்டடங்களுக்கு வரியைக் குறைத்ததாக வழக்கு. கைதுகள் நடந்தன, மண்டலத் தலைவர்கள் ஐந்து பேர் பதவி விலகினார்கள். ஒவ்வொரு கட்டடத்தின் அளவும் மண்டலமும் கழிவும் வார்டு வாரியாக எல்லோர் பார்வைக்கும் இருந்திருந்தால், எதிர்வீட்டுக்காரரே கேட்டிருப்பார்.

ரசீதின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நாலு வரிக் கணக்கை அங்கே அச்சடிக்க மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஆகாது. அதுவரை, அக்டோபர் தவணை கட்டப் போகிறவர்கள் ஒரு டேப்பை எடுத்து வீட்டைச் சுற்றி வரலாம். மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அளவு தப்பாக இருந்தால் அந்தத் தள்ளுபடியும் தப்பான தொகைக்குத்தான்.