யாரைக் காக்க எழுந்த அரண்கள்?

அந்தமான் தலைநகரில் (2024 வரை போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீவிஜயபுரம்) கார்பின்ஸ் கோவ் கடற்கரைச் சாலையோரம், கடலை நோக்கிய துப்பாக்கித் துளைகளுடன் கான்கிரீட் பதுங்கு அரண்கள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கட்டியவை இவை. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். இவற்றின் வரலாறு அவ்வளவுதானா?

1942 மார்ச் 23-ல் அந்தமானைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, நேச நாட்டுப் படைகள் கடல்வழியே வந்திறங்கும் என எதிர்பார்த்தது. அதற்கான திட்டமும் நேச நாடுகளிடம் இருந்தது. ஆனால் 1943 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. குண்டுவீச்சுகள் நடந்தனவே தவிர, போர் முடியும் வரை படை இறங்கவில்லை. 1945-ல் ஜப்பான் சரணடைந்த பிறகே பிரிட்டிஷார் திரும்பி வந்தனர்.

அரண்கள் எதிர்பார்த்த எதிரி வரவேயில்லை. தீவு மக்களோ, அரண் கட்டியவர்களிடமிருந்தே தங்களைக் காத்துக்கொள்ள வழியின்றித் தவித்தனர். விமானத் தளப் பணிக்கு அவர்கள் கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டனர். உளவாளிகள் என்ற ஐயத்தின் பேரில் பலர் சித்திரவதைக்குள்ளாயினர். 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி இங்கு மூவர்ணக் கொடி ஏற்றியதை நாடு பெருமையுடன் போற்றுகிறது. அதற்குப் பின் இரண்டே வாரங்களில், இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்த டாக்டர் திவான் சிங், செல்லுலர் சிறையில் சித்திரவதையால் உயிரிழந்தார். 1944 ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதை நாட்டில் எத்தனை பேர் அறிவர்?

1958-ம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டப்படி, ஒரு கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட அதற்குக் குறைந்தது 100 ஆண்டு வயதாகியிருக்க வேண்டும். இந்த அரண்கள் அத்தகுதியைப் பெற 2040-களை எட்ட வேண்டும். கடல் காற்றும் அலையும் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

சட்டத்தைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறை, நூறு ஆண்டு நிறைவதற்கு முன்பே, 1979-ல் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது. அதே மனத்துணிவு இப்போதும் தேவை. அரண்களைக் கணக்கெடுத்துச் செப்பனிட மத்திய அரசும் தீவு நிர்வாகமும் முன்வர வேண்டும். அங்கு நடந்தவற்றை இந்தி, வங்காளம், தமிழ் உள்ளிட்ட தீவு மக்களின் மொழிகளில் எழுதி வைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் சிறையின் கொடுமையைச் சொல்லும் தேசம், ஜப்பானிய ஆட்சியின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். அன்னிய ஆட்சி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அது அடிமைத்தளையே என்பதற்கு இந்தக் கான்கிரீட் சுவர்களே சாட்சி. அந்தச் சாட்சி அழிந்துபோக அனுமதிக்கக் கூடாது.