கொட்டாரம் யாருடையது?

தக்கலைக்கு அருகேயுள்ள பத்மநாபபுரம் கொட்டாரம் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. மண் தமிழகத்து மண். அரண்மனைச் சாவியோ கேரள அரசின் தொல்பொருள் துறையிடம். இது முறைதானா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால், அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கொட்டாரத்தைக் கட்டியது யார்?

அரசர் பெயர்களை எல்லோரும் அறிவர். கல்குளம் என்று வழங்கிய அவ்வூரில் 1601-ஆம் ஆண்டு வாக்கில், இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை எழுந்தது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அதை விரித்துக் கட்டினார். 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, தம்மைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரம் போயிற்று. கொட்டாரம் நின்றது.

ஏன் நின்றது? அரசன் ஆணையாலா? அல்ல, தோழர்களே! ஆசாரியின் உளியால், கொத்தனின் கரணையால் நின்றது. தாய்க் கொட்டாரத்துப் பலாமரத் தூணைப் பாருங்கள், மரம் பூவாகியிருக்கிறது. மந்திரசாலையின் தரையைப் பாருங்கள். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த தரை, இன்றும் முகம் பார்க்கலாம் போல் மின்னுகிறது. மழை வழிந்தோடச் சரிந்த ஓட்டுக் கூரை, காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் மரச் சட்டங்கள். இவையெல்லாம் ஏட்டுப் படிப்பு இல்லாத கைகளின் அறிவு!

அந்தக் கைகளுக்குக் கிடைத்தது என்ன? அங்கே ஊட்டுப்புரை ஒன்று இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு தளம். ஏறத்தாழ 2,000 பேர் அமர்ந்து உண்ணலாம். அன்றாடம் இலவசச் சோறு, உண்டவர் பிராமணர். கல் சுமந்தவனுக்கும் நெல் விளைவித்தவனுக்கும் அங்கே இலை இல்லை! ஊழியம் என்ற பெயரில் எளிய சாதியாரிடம் கூலியில்லாமல் வேலை வாங்கிய சமஸ்தானம் அது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1859-இல் கிடைத்தது. இந்தச் சரித்திரத்தை மறைத்துவிட்டு மாளிகையின் அழகை மட்டும் பேசுவது பாதி உண்மை.

புலியூர்க்குறிச்சிக்குச் செல்வோம். அங்கே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்ட டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். கோட்டையை வலுப்படுத்தும் வேலையை மேற்பார்த்தவரும் அவரே. 1777-இல் மாண்டார், கோட்டைக்குள்ளேயே அடக்கம். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. நேற்றுப் பகைவனாக வந்தவனுக்கும் கல்வெட்டு வைத்தது தவறல்ல, பண்பாடுதான். ஆனால், அந்த மதிலுக்குக் கல் உடைத்த நாஞ்சில் நாட்டுக் கல்தச்சனின் பெயர் நம்மில் எவர் வாயிலாவது வருகிறதா?

1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் தந்தவர்களின் தியாகத்தால், 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. அந்தத் தியாகம் மக்களின் வாழ்வுக்காக. ஒரு மாளிகையின் சாவிக்காக மட்டும் அல்ல. கொட்டாரத்தைக் கேரளம் பேணி வருகிறது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை. உதயகிரி தமிழக வனத்துறையிடம்; வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையிடம். காவலர் மூவர். மூவரிடமும் நமது கோரிக்கை ஒன்றே.

கட்டிய தொழிலாளியின் கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசலில் எழுதி வையுங்கள். ஊட்டுப்புரையில் யார் உண்டார், யார் உண்ணவில்லை என்பதையும் சொல்லுங்கள். பழுது பார்க்கும்போது இந்த மாவட்டத்து ஆசாரிகளையும் கொத்தனார்களையும் அழையுங்கள். நியாயமான கூலி கொடுங்கள். பழைய சுண்ணாம்பு வேலையும் மர வேலையும் இளைஞர் கைக்கு வர வழி செய்யுங்கள். இல்லையேல், கட்டடம் இருக்கும். அதைக் கட்டத் தெரிந்தவன் இருக்கமாட்டான்!

தோழர்களே! ஓய்வு நாளில் பிள்ளைகளோடு சென்று பாருங்கள். அரசனின் கட்டிலைக் காட்டும்போது, அதைச் செய்தவன் ஓர் ஆசாரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சாவி எந்த அரசிடம் இருந்தாலும் இருக்கட்டும். கொட்டாரம் உழைத்தவனுடையது, அவன் வழிவந்த நம்முடையது. சாவிக்காக மலையாளத் தொழிலாளியோடு நாம் மல்லுக்கு நிற்கவேண்டியதில்லை. அதைக் கட்டிய கைகளில் அவனுடைய பாட்டன் கையும் உண்டு.