குளிரில் முறுக்கேறும் உலோகம்

வீட்டு இட்லிப் பானைக்கும் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிக்கும் நெருங்கிய உறவு: இரண்டும் அலுமினியம். தொட்டியில் கூடுதலாக இருப்பது சுமார் 6 சதவீதம் செம்பு. உருட்டித் தகடாக்கப்படும் இந்தக் கலவையின் பெயர் 2219. இஸ்ரோவின் கிரையோஜெனிக் தொட்டிகளுக்கு இதுதான் ஆதாரம்.

காரணம் குளிர். திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அதில் சாதாரண எஃகு கண்ணாடி போல நொறுங்கும். 2219-க்கோ குளிரக் குளிர வலு கூடும். எடையும் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

வலுதான் கணக்கு என்றால் துத்தநாகம் கலந்த 7075 முந்திக்கொள்ளும். விமானங்களில் அதற்கு மவுசு அதிகம். ஆனால், உருக்கிப் பற்றவைத்தால் விரிசல் விடும். ரிவெட் அடித்தோ, ஹைட்ரஜன் கசிய வழி பிறக்கும்.

2219 பற்றவைப்புக்கு இணங்கும். குறையும் உண்டு. பற்றவைத்த இடம் தகட்டைவிட வலு குறைந்தது. எனவே அந்த ஓரங்களைத் தடிமனாக விட்டு, மற்ற இடங்களைக் கடைந்து எடையைக் குறைக்கிறார்கள். செம்பு இருப்பதால் அரிப்புக்கும் காவல் தேவை.

2020 நவம்பரில் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் இஸ்ரோவிடம் ஒப்படைத்த அலுமினியக் கலவைத் தொட்டி 4 மீட்டர் விட்டம், 8 மீட்டர் நீளம் கொண்டது. கொள்ளளவு 5,755 கிலோ எரிபொருள். அதில் பற்றவைப்பின் மொத்த நீளம் 115 மீட்டர். அத்தனையும் குறையின்றி இருந்தாக வேண்டும். ராக்கெட்டைக் கவிழ்க்க ஓர் ஊசித் துளை போதுமே!