எல்லாரும் இருக்கறாங்க, சரி. எங்கே இருக்கறாங்க?

என்னிடம் படித்த கண்ணுகளா, கோபித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்தில் பனியன் கம்பெனி நடத்தும் பழைய மாணவன் பெருமையாகச் சொன்னான்: "ஒடிசா, பீகார், நம்மூர்னு எல்லாரும் இருக்கறாங்க டீச்சர். பாதிக்கு மேல லேடீஸ்."

"கட்டிங் மாஸ்டர்ல எத்தனை லேடீஸ் சாமி?" என்றேன். சிரித்தான்.

பெண்கள் செக்கிங்கிலும் பிசிறு வெட்டுவதிலுமே கிடந்தால் யார் கண்ணுக்கும் படாது. ஒடிசாப் பையன் ஒருத்தன் பவர் டேபிளில் உட்கார்ந்தால் மட்டும் "வடக்கன் நிறைஞ்சுட்டான்". 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பார்த்துப் பயந்து பலர் ரயிலேறியபோது (ஹோலியும் சேர்ந்துகொண்டது), ஆர்டர் என்னாகுமோ என்று புலம்பியதும் இதே வாய்தான்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை சம்பளம் போடும்போது நீயே கூட்டிப் பார் சாமி. கணக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.