அங்கிள்னா யாருங்க?

வங்கியில் நாமினி பதியும்போது 'உறவு' என்று ஒரு கட்டம் வருமே, பல சாஃப்ட்வேர்களில் அதைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும். ஃபாதர், மதர், ஸ்பௌஸ், சன், டாட்டர்... கடைசியில் அங்கிள், ஆன்ட்டி, அதர்ஸ். நம்மூர் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் அந்த ஒரே அங்கிளுக்குள் அடங்கியாக வேண்டும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். சட்டம் சிரிக்காது.

ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்து, முதல் வகுப்பு வாரிசு யாருமே இல்லையென்றால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் இரண்டாம் வகுப்புப் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறது. அதில் அப்பாவின் சகோதரர் 7வது வரிசை, அம்மாவின் சகோதரர் 9வது. 7ல் ஆள் இருந்தால் 9க்கு ஒன்றும் கிடையாது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாமே தவிர, அதனாலேயே வாரிசாகிவிட மாட்டார். தகராறு வந்து பதிவைத் திறந்தால் 'அங்கிள்' என்று இருக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு 4 நாமினி வரை போடலாம். நாலு அங்கிள்!

தமிழ்ச் சொல்லையே பட்டியலில் போட்டுவிட்டால் போச்சு என்பீர்கள். போதாது. நமக்கு அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் வீட்டுக்காரரும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. இதில் ஹிந்திக்காரர்கள் நம்மைவிடக் கறார்: மாமா வேறு, ஃபூஃபா வேறு, சசுர் வேறு. தாய்மாமனையே கட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள்? ஒரே ஆள் மாமாவும் கணவரும். கட்டத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

கோளாறு சொல்லில் இல்லை. பெயர், வயது மாதிரி உறவையும் ஓர் ஆளின் மேல் ஒட்டும் சீட்டாக நினைப்பதில் இருக்கிறது. உறவு இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற சமாச்சாரம். ஆப்ஜெக்ட் முறையில் நிரல் எழுதுகிறவர்கள் அதையே தனி ஆப்ஜெக்ட்டாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி: இந்த முனையில் யார், அந்த முனையில் யார், என்ன பந்தம், எப்போதிலிருந்து எதுவரை. பெற்றோர்-பிள்ளை, கணவன்-மனைவி என்ற இரண்டு இழைகளோடு பாலினமும் பிறந்த தேதியும் இருந்தால் மாமாவும் சித்தப்பாவும் தானாக வந்துவிடுவார்கள்.

ஒரு துறையின் சொற்களையும் அவற்றுக்குள் உள்ள உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி வரையறுக்கும் ஆன்டாலஜிக்காரர்கள் இதில் ஏற்கெனவே இடித்துக்கொண்டவர்கள்தான். அவர்களுக்காக 2004ல் வந்த 'ஓ.டபிள்யூ.எல்.' மொழியில், பெற்றோர், சகோதரர் என்ற இரண்டு உறவுகளைக் கோத்து அங்கிள் என்று சொல்ல வழியில்லை. 2009ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்தச் சங்கிலி வந்தது. அதுவும் பெரியப்பாவா சித்தப்பாவா என்று இரண்டு பேர் பிறந்த தேதியை ஒப்பிட்டுச் சொல்லாது. அதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும்.

கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போது வம்சாவளி கேட்க முடியுமா என்றால், முடியாது. எல்லார் வீட்டு வம்சாவளியும் வங்கிக்கு எதற்கு? இரண்டு கேள்வி போதும்: அப்பா வழியா, அம்மா வழியா? ரத்த உறவா, கல்யாணத்தால் வந்ததா?

அது வரும்வரை, காகிதப் படிவத்தில் அங்கிள் என்று எழுதாதீர்கள். 'அம்மாவின் தம்பி' என்று அந்தந்த ஊர் மொழியில் விரித்தே எழுதுங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.