குழாய் போகும் வழி

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு படுவான்கரை வயல்களில் வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள். இரவில் தரைக்காற்று அந்தப் புகையை வாவிக்கு மேலால் எழுவான்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். களுவாஞ்சிக்குடியில் ஒரு சேர்வர் அறைக்கோ, கோவைகள் அடுக்கிய ஆவண அறைக்கோ துளையிட்ட குழாய்களால் அறைக் காற்றை இழுத்துச் சோதிக்கும் புகை உணரி பொருத்தப் போகிறவர், வரைபடத்தை விரிக்கும் முன்பே இந்தப் புகையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த உணரியின் பிறப்பே வெளிப்புகையோடு தொடர்புடையது. 1970களில் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் காட்டுத்தீப் புகையை அளக்கக் கையாண்ட ஒளிச்சிதறல் கருவியே, தொலைபேசி நிலையங்களைத் தீயிலிருந்து காக்கும் ஆய்வில் புகுந்து, பின்னர் வெஸ்டா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் லேசர் வகைகள் மீட்டருக்கு 0.005 விழுக்காடு மங்கலைக்கூடக் காணக்கூடியவை. வயற்புகைக்கு அது கத்தினால் கருவியில் பழுதில்லை. ஆனால் இரண்டு இரவு அலாரம் அடித்ததும் காவலாளி முறையிடுவார். நம்மவர் வந்து உணர்திறனைக் குறைத்துவிட்டுப் போவார். வயலில் புகை ஓய்ந்த பிறகும் அது குறைந்தபடியே கிடக்கும். பெரும் பணம் கொடுத்து வாங்கிய முன்னெச்சரிக்கையை இப்படிக் கைவிடுவதை ஏற்கவே முடியாது. வெளிக்காற்று நுழையும் இடத்தில் ஒப்பீட்டு உணரி ஒன்றை வைத்து, அங்கே தெரியும் புகையை உள்ளளவிலிருந்து கழிக்கும் வசதி இருக்கிறது. அதற்குப் பணமில்லையென்றால் கதவு, சன்னல் இடுக்குகளை அடைத்து, ஒரு அறுவடைக் காலம் முழுவதும் கருவியின் பதிவைப் பார்த்த பிறகு அலாரம் எல்லையை நிலைப்படுத்துங்கள்.

அடுத்தது ஈரம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊரில் காற்று எப்போதும் நீர் சுமந்திருக்கும். ஏசி இல்லாத களஞ்சியத்திலிருந்து காற்றை இழுத்துவரும் குழாய் குளிர்ந்த அறைக்குள் நுழைந்தால் அதன் உட்சுவரில் நீர் வியர்க்கும். அது உருண்டு நேரே உணரிக்குள் இறங்கும். குழாயை உணரிக்கு எதிர்ப்பக்கம் சரித்து, தாழ்ந்த இடத்தில் நீர்ப்பொறி ஒன்றும் வடிகுழாயும் வையுங்கள். உணரியை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மாட்டினால், வெளியேறும் காற்றை மறுபடி அதே அறைக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் ஏசி அறையின் அழுத்த வேறுபாடு காற்றோட்ட அளவைக் குழப்பும்.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் மத்தியானச் சூடு கடுமை. ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழாய் ஒரு பாகைக்கு மீட்டருக்குச் சுமார் 0.1 மி.மீ. நீளும், 30 மீட்டர் குழாய் 20 பாகை சூடேறினால் 60 மி.மீ. அளவு நகரும். ஆகவே கிளிப்பில் இறுக்கிக் கட்டாதீர்கள், வழுக்க இடம் விடுங்கள். பசையைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள். பொருத்தியின் உள்ளே பூசினால் தள்ளும்போது பசை உள்ளே திரண்டு வழியைக் குறுக்கும்.

துளையிடுவதுதான் இந்த வேலையின் உயிர். டிரில்லை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, துளையின் உள்விளிம்பில் சுருளாக ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் 3 மி.மீ., உள்ளே பாதிதான் திறந்திருக்கும். கூர்மையான அலகு, மெதுவான சுழற்சி, முடிந்ததும் உணரியைக் கழற்றிவிட்டு அழுத்தக் காற்றால் குழாயை ஊதிச் சுத்தம் செய்வது: இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

காற்றோட்டக் கண்காணிப்பு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிட முடியாது. ஐரோப்பிய தரம் இஎன் 54-20 கேட்பது 20 விழுக்காடு காற்றோட்ட மாற்றத்தைக் காட்டுவதைத்தான். பதினைந்து துளை உள்ள குழாயில் பெயின்ற் பூசியவர் ஒன்றை அடைத்துவிட்டால், அல்லது குளவி மண் வைத்துவிட்டால், காற்றோட்டம் அந்த அளவுக்கு மாறாது. பலகையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தத் துளைக்குக் கீழே புகைந்தால், பக்கத்துத் துளைக்குப் புகை எட்டும்வரை காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் புகை காட்டிப் பாருங்கள்.

கடைசித் துளையில் விட்ட புகை உணரிக்கு வந்துசேர எடுக்கும் நேரத்துக்கு அமெரிக்க என்எஃப்பிஏ 72 தரும் எல்லை 120 விநாடி. முதல் நாள் அளந்த நேரத்தைத் திகதியோடு தமிழில் எழுதி உணரிப் பெட்டியின் கதவு உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த வருடம் வருகிறவர் தான் அளந்ததை அதோடு ஒப்பிட்டாலே, எந்த மூட்டு விட்டிருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.